கருப்பட்டி வாங்கப் போன இடத்தில்

என் ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். திருநெல்வேலி ஜில்லா என்பது வரைக்கும் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. புனேயில் பஸ்ஸிலோ மருந்துக் கடையிலோ காதில் கொஞ்சம் தமிழ் விழுந்தால் போதும், திரும்பிப் பார்த்து "எந்த ஊரு?" என்று கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. சேலம் என்று சொன்னால் சற்று ஏமாற்றமாக இருக்கும். தென்காசி, நாங்குநேரி என்று ஏதாவது சொல்லிவிட்டால் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போயே போய்விடும். "வாயிருந்தா வங்காளம் போகலாம்பாவ, ஒன் வாய்க்கு அதுக்கு மேலயும் போவ" என்று என் அம்மா சொல்லுவாள். கல்யாணமாகி, கணவருக்கு ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை என்று புனேயில் வானவடிக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. வாய் மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது.

அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தது, வாயைத் திறக்கவே கூடாத ஒரு வேலையில்.

அது பெண்களுக்கான காப்பகம். கொல்லப் பார்த்த புருஷனிடமிருந்தோ கூடப்பிறந்தவனிடமிருந்தோ தப்பி வந்தவர்களைப் போலீசும் கோர்ட்டும் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். வெளியே பெயர்ப்பலகை கிடையாது. கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று மராத்தியில் ஒரு தகரம் தொங்கும். நாயும் கிடையாது. நான் பகல் நேர வார்டன். காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புவேன். முதல் நாளே எங்கள் மேடம் சொன்னது ஒன்றுதான்: இந்த வீடு எங்கே இருக்கிறது என்று உன் வீட்டு ஆட்களுக்குக்கூடத் தெரியக் கூடாது. மேடம் மராத்திக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் சொன்ன வார்த்தையை மாற்றவும் மாட்டார்.

கணவரிடம், ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் மெஸ் பார்க்கிறேன் என்றேன். அவர் சாப்பாட்டு விஷயத்தில் அக்கறை உள்ளவர். தினமும் சாயங்காலம் "இன்னைக்கு என்ன போட்டிய?" என்று கேட்பார். நான் பஸ்ஸில் வரும்போதே ஒரு மெனுவைக் கட்டி வைத்துக்கொள்வேன். சர்ச்சில் தமிழ் ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது கேட்பவர்களிடமும் அதே மெஸ்தான். ஆண்டவர் வாசலில் நின்றுகொண்டே இல்லாத சாம்பாருக்குக் காரம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பொய் ஒரு வருஷத்தில் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகத்தான் செய்தது.

அவள் வந்தது ஒரு மழைநாள் காலையில். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷனுக்குப் புனேக்கு வெளியே சாகணில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கழுத்தை நெரித்திருக்கிறான். பக்கத்து வீட்டு மராத்திப் பெண் கதவை உடைத்து உள்ளே வந்ததால் உயிர் இருந்தது. மேடம் பேப்பரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "உன் பாஷைக்காரி" என்றார். அவளுக்கு இந்தி பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது.

"எந்த ஊரு தாயி?" என்றுதான் நானும் ஆரம்பித்தேன்.

அதுவரை போலீஸ் வேனிலும் ஆஸ்பத்திரியிலும் அழாமல் வந்தவள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை அழுதாள். தொண்டையில் சத்தமே வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. ஊரைச் சொன்னதும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் ஒரே பஸ். நான் பள்ளிக்கூடம் போன பஸ்ஸில்தான் அவளும் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், இருபத்தைந்து வருஷம் கழித்து.

பதினோரு பேர் இருந்த அந்த வீட்டில் எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்பதும் ஒரு விதி. நான் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். காலையில் போனதும் முதலில் அவள் அறைக்குத்தான் போவேன். ஒருநாள் சொன்னாள்: "யக்கா, தொண்டைக்குள்ள முள்ளு குத்தி நிக்க மாரியே இருக்கு. எங்கம்ம இதுக்குச் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வச்சுத் தருவா. இங்கன கருப்பட்டி கெடைக்குமா?"

முதலில் இங்கே கிடைக்கிற வெல்லத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "நல்லாருக்குக்கா" என்றாள். மரியாதைக்குச் சொன்னது. சனிக்கிழமைதோறும் எனக்கு அரைநாள் லீவு. காம்ப் பஜார் பக்கம் எங்கள் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருக்கிறார். அப்பளம், வடகம், கருப்பட்டி, பத்து நாள் பழைய தமிழ்ப் பேப்பர், எல்லாம் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் சாகண், ஹிஞ்சேவாடி என்று எங்கெங்கோ வேலை பார்க்கிற நம் ஆட்கள் அங்கே வந்துதான் ஊர்க்கதை பேசுவார்கள். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

"என்னக்கா, எப்பவும் கால் கிலோ வாங்குவிய, இன்னைக்கு ஒரு கிலோ கேக்கிய?" என்றார் அண்ணாச்சி.

"நம்மூரு பக்கத்துப் பிள்ள ஒண்ணு எங்க ஹாஸ்டல்ல வந்து இருக்கு அண்ணாச்சி. சின்னப் பாப்பாவும் கூட இருக்கு. தொண்ட சரியில்ல, அதான்."

அதோடு நிறுத்தினேனா? அவள் ஊர்ப் பெயரையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. லேடீஸ் ஹாஸ்டலில் எவள் பிள்ளையோடு தங்குவாள்? அந்த யோசனை எனக்கு வரவில்லை. அண்ணாச்சிக்கு வந்திருக்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று.

கருப்பட்டி அவள் தொண்டைக்கு ஒத்துக்கொண்டது. அது மருந்தா, ஊர் ருசியா, எதுவென்று தெரியவில்லை. மூன்றாவது வாரம் குரல் கொஞ்சம் திரும்பியது. கருப்பட்டி சுற்றி வந்த பழைய பேப்பரை அவள் தூர எறிய மாட்டாள். பிரித்து, தரையில் வைத்துக் கையால் நீவி, பிசுபிசுப்போடு விளம்பரம் உட்பட முழுக்கப் படிப்பாள். குழந்தை என்னைக் 'கருப்பட்டிப் பெரியம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது. நானும் சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போனேன்.

நாலாவது சனிக்கிழமை கடையில் ஒரு பையன் நின்றிருந்தான். பையன் என்றா சொன்னேன்? முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. என் பை கனமாக இருந்ததைப் பார்த்து, "குடுங்கக்கா, ஆட்டோ வர நான் தூக்கிட்டு வாரேன்" என்றான். புனேயில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? "எந்த ஊருப்பா?" என்றேன். சொன்னான். அது அவள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ பூரிப்பு. அவன் ஹாஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டான், பையை ஆட்டோவில் வைத்தான். "நல்லா இருய்யா" என்று அவன் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஏறினேன். கருப்பட்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நேரே காப்பகத்துக்குத்தான் ஆட்டோவை விடச் சொன்னேன். பின்னால் பைக்கில் யார் வருகிறார்கள் என்று நான் ஏன் பார்க்கப் போகிறேன்.

திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். எங்கள் வாட்ச்மேன் உள்ளே வந்து, எதிரே பால் பூத்தில் ஒரு ஆள் ஒரு மணி நேரமாக நிற்கிறான், பால் வாங்கவில்லை என்றார். மேடம் கேமரா ஓடும் டி.வி.யைப் போட்டார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அதே இஸ்திரி சட்டை. ஒரு கையில் பொம்மை பொட்டலம், இன்னொரு கையில் துணிப்பை. சனிக்கிழமை என் பையைத் தூக்கி வந்தவன். மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை, போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும், "நெற்றியைப் பார்த்தால் உங்கள் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறது, உன் பாஷைக்காரியைக் கூப்பிடு, பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

அவள் வந்தாள். டி.வி.யை ஒரு தடவை பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மேடத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மேடம், என்னாலதான்" என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை.

அவள் சொன்னது இது. புதிதாக வருபவர்கள் மூன்று மாசம் யாரிடமும் போனில் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. பத்து நாளைக்கு முன்னால் பாப்பாவுக்குப் பிறந்தநாள். அம்மாவுக்குக் குழந்தையின் குரலைக் கேட்க வைக்கலாம் என்று, காய் நறுக்க வருகிற பெண்ணின் போனைக் கெஞ்சி வாங்கி இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறாள். இடத்தைச் சொல்லவில்லை. ஆனால் அந்த நம்பரை வைத்து அவன் எப்படியோ கண்டுபிடித்திருப்பான், எல்லாம் என்னால்தான் என்றாள்.

நான் அதை இந்தியில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் தன் அம்மாவுக்குப் போன் பண்ணினாளாம், தப்பு அவளுடையதாம். என் வாய்தான் இதையும் சொன்னது. மேடத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். உன் ஒருத்தியால் இங்கே இருக்கிற அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து, எல்லோருக்கும் அம்மா இருக்கிறாள், நீ மட்டும்தான் பொறுக்க முடியாதவளா என்றார். அதையும் நான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். வேலை போகும் என்ற பயம் இல்லை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருந்ததே, அது மாறிவிடும் என்ற பயம். அவ்வளவு அற்பமான காரணம். வேறு நல்ல காரணம் இருந்தால் சொல்லமாட்டேனா?

மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவனைப் பூத்தடியிலேயே பிடித்தார்கள். மகளுக்குப் பொம்மை கொடுக்க வந்தேன் என்றானாம். துணிப்பையில் ஒரு ஆசிட் பாட்டில் இருந்தது.

இடம் தெரிந்துபோனால் அந்தப் பெண்ணை அன்றைக்கே வேறு ஊருக்கு மாற்றிவிட வேண்டும். எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மூன்றரைக்குக் கார் வந்தது. அவள் துணிகளை நான்தான் மடித்து வைத்தேன். மிச்சமிருந்த கருப்பட்டியை ஒரு டப்பாவில் போட்டுப் பையின் அடியில் வைத்தேன். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிக்கிடுங்கக்கா, ஒங்களுக்கும் கெட்ட பேரு வாங்கித் தந்துட்டேன்" என்றாள். "இனி எங்கம்மகிட்ட பேசவே மாட்டேன். செத்தாலும் பேசமாட்டேன்."

"பத்திரமா இரு தாயி" என்றேன் நான். குழந்தை காருக்குள்ளிருந்து கையாட்டியது. கேட்டைச் சாத்தினோம்.

மறுநாள் காலை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பினால் நிம்மதி என்றுகூட இருந்தது. அவர் "நேற்றே ஏன் சொல்லவில்லை" என்று மட்டும் கேட்டார். அவளுக்கு ஒரு வார்த்தை தெரிவித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கும் தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அண்ணாச்சியிடம் சண்டை போடுவதற்கென்றே ஒருநாள் போனேன். போகிற வழியெல்லாம் வசவைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். அவர் போலீஸ் விசாரணைக்குப் போய்வந்து பாதி ஆளாக இருந்தார். "போட்டோவக் காட்டி அழுதாங்கா. பொண்டாட்டி கோவிச்சிட்டுப் போயிட்டா, பிள்ளயப் பாக்காம சோறு எறங்கலன்னான். புருசன் பொண்டாட்டியச் சேத்து வைக்கது புண்ணியம்லான்னு நெனச்சு, சனிக்கிழம ஒரு அக்கா வருவாவன்னு சொன்னேன்" என்றார். நல்லதென்று நினைத்துத்தான் அவரும் சொன்னார். நல்லதென்று நினைத்துத்தான் நானும் சொன்னேன். அவரைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை. எதுவும் வாங்காமல் திரும்பினேன்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்னும் அதே வீட்டில்தான் வேலை பார்க்கிறேன். அடிக்கடி யாராவது ஒருத்தி வருகிறாள், போகிறாள், போனவள் என்ன ஆனாள் என்று தெரிவதில்லை. பஸ்ஸில் தமிழ் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஒருநாள் கையில் சூட்கேஸோடு ஒரு வயதான அம்மா, நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா? ஸ்டேஷனுக்கு இது போகுமா?" என்று ஆசையாகக் கேட்டாள். போகும் என்று இந்தியில் சொல்லிவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டேன். அவள் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் வந்துவிடுகிறேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கணவர் கவலைப்படுகிறார். என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமென்றால், மெஸ் இல்லை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போன மாசம், காப்பகத்தை நடத்துகிறவர்களின் டவுன் ஆபீசிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து யாரோ ஒரு அம்மா பேசுகிறாள், எங்களுக்குப் புரியவில்லை, நீ பேசு என்று லைனைச் சேர்த்துவிட்டார்கள்.

"யம்மா, தமிழாம்மா நீங்க? எந்த ஊரு தாயி?" என்றது அந்தக் குரல்.

"மெட்ராஸ்" என்றேன்.

"பேச்சப் பாத்தா நம்ம பக்கம் மாரில்லா இருக்கு" என்றாள். போலீசில் இந்த நம்பரைக் கொடுத்தார்கள் என்று, தன் மகள் பெயரைச் சொல்லிக் கேட்டாள். எங்களுக்குத் தெரியாதும்மா என்றேன், அது உண்மை. "பாப்பா பொறந்த நாளைக்கு ஒரே ஒரு தடவ பேசுனா தாயி. ரெண்டு நிமிசம். அதுக்கப்புறம் இன்னைய வரைக்கும் ஒரு போன் இல்ல. அன்னைக்கு நான்தான் ஏதும் அவ மனசு நோவுத மாரி பேசிட்டேனோன்னு தெனமும் நெனச்சுப் பாக்கேன். ஒண்ணும் வெளங்கல."

"ஒங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். ஆபீஸ்காரர்கள் லைனை எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத்தான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன். மாசம், குழந்தை விவரம், கடை இருக்கிற இடம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். கருப்பட்டியை மட்டும் மாற்றவில்லை. தமிழ் எழுத்து எதில் கிடைத்தாலும் நீவி வைத்துப் படிப்பாயே, என்றைக்காவது இதுவும் உன் கைக்கு வரலாம். வந்தால் தெரிந்துகொள். உன் போனால் அவன் வரவில்லை. என் பின்னால்தான் வந்தான். டி.வி. முன்னால் நீ அழுதபோதே எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் மேடம் திட்டியதை உனக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். அவனுக்குத் தண்டனை ஆகிவிட்டது, லேசில் வெளியே வர மாட்டான் என்று மேடம் சொல்லியிருக்கிறார். என்னை நீ மன்னிக்க வேண்டாம். அங்கே இருக்கிற மேடத்திடம் கேட்டுக்கொண்டு அம்மாவுக்கு ஒரு போன் போடு தாயி.